பல்லாரி போட்ட கொடை

அத்தானின் பேட்டண்டை ரத்து செய்யச் சொல்லி வடக்கே ஒரு கம்பெனி மனுப் போட்டிருக்கிறது என்று தெரிந்தபோது குற்றாலத்தில் சீசன் பிடித்துவிட்டிருந்தது. சாரல் தென்காசி வரைக்கும் வந்து எங்கள் பட்டறைத் தகரத்தில் விட்டுவிட்டுக் கொட்டிக்கொண்டிருந்தது. ஊர் ஊராகச் சனங்கள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அருவிக்குப் போகிறார்கள். அத்தான், அக்கா, நான் மூன்று பேரும் ஒரு போட்டோவைச் சுற்றி நின்றுகொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறோம். எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. லேத்தை ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன். நிறுத்தினேன். வெளியே போய் மழையைப் பார்த்தேன். திரும்பி வந்தேன். போட்டோ அப்படியேதான் இருந்தது.

அத்தான் என் அக்காவைக் கட்டியவர். தென்காசியில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். பதினொன்றாம் வகுப்பில் பாதியில் நான் பள்ளிக்கூடத்தை விட்டேனா, பள்ளிக்கூடம் என்னை விட்டதா என்பதில் வீட்டில் இன்னும் இரண்டு கட்சி இருக்கிறது. அன்றிலிருந்து அத்தானிடம்தான் வேலை. என்னை வேலைக்கு வைத்ததற்குக் காரணம் அக்கா. என் வாய்க்கு இன்னும் விரட்டாமல் வைத்திருப்பதற்கும் அவள்தான் காரணம்.

அத்தான் செய்தது சின்ன வெங்காயம் உரிக்கிற மெஷின். எங்கள் பக்கம் சின்ன வெங்காயத்தை உள்ளி என்போம், பெரியதைப் பல்லாரி என்போம். உள்ளி உரிக்கிற மெஷின் உலகத்தில் வேறு இல்லாமல் இல்லை. ஆனால் உள்ளி கொஞ்சம் ஈரமாக இருந்துவிட்டால் மற்ற மெஷின்கள் படுத்துவிடும். ஈரத்தோல் டிரம்முக்குள் இருக்கிற ரப்பர் உருளையில் போய் அப்பிக்கொள்ளும், அப்புறம் உருளை வழுக்கிக்கொண்டு சும்மா சுற்றும். அத்தான் உருளையை ஒட்டித் தேங்காய்த் தும்பில் ஒரு சீப்பு வைத்தார். உருளை சுற்றச் சுற்றச் சீப்பு தோலை வாரிவிடும், கீழிருந்து வருகிற காற்று அதை வெளியே தள்ளிவிடும். சங்கதி இவ்வளவுதான். இதற்கு அரசாங்கம் பேட்டண்ட் கொடுத்தது. அந்தச் சான்றிதழைக் கண்ணாடி போட்டுப் பட்டறையில் மாட்டிய நாளிலிருந்து அத்தான் டீக்கடைக்குக்கூடச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டுதான் போனார்.

இனி போட்டோ. அத்தானுக்கும் எங்களுக்கும் சொந்த ஊர் சுந்தரபாண்டியபுரம் பக்கம். அங்கே ஊர்ப்பொது அம்மன் கோயில் ஒன்று. அந்தக் கோயிலின் சமையல் கொட்டகையில் எங்கள் மெஷின் நிற்கிறது. மெஷினின் வயிற்றில் சிவப்பு பெயிண்டில் பெரிதாக ‘உபயம்’ என்று போட்டு, அத்தான் பெயரும், எந்த வருஷத்துச் சித்திரைக் கொடைத் திருவிழா என்பதும் எழுதியிருக்கிறது. எங்கள் ஊரில் கோயிலுக்கு எதைக் கொடுத்தாலும் பெயர் எழுதித்தான் கொடுப்பார்கள். அந்தக் கோயில் காத்தாடியின் ஒவ்வொரு இறக்கையிலும் ஒரு அண்ணன் தம்பி பெயர் இருக்கும். சுவிட்சைப் போட்டால் குடும்பமே சுற்றும்.

ஊர் வயலில் சூரியகாந்திப் பூ பார்க்க வருகிற கூட்டத்தோடு கூட்டமாக யாரோ இரண்டு பேர் வந்து, கோயிலையும் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கோயில் தலைவர் அண்ணாச்சியே கொட்டகையைத் திறந்து, “எங்க ஊர்ப் பய செஞ்ச மெஷினு” என்று பெருமையாகக் காட்டியிருக்கிறார். திருநீறும் கொடுத்து அனுப்பியிருக்கிறார். அவர்கள் எடுத்த போட்டோதான் மனுவோடு வந்திருந்தது.

அதில் சீப்பும் தெரிந்தது, கொடை வருஷமும் தெரிந்தது. பேட்டண்டுக்கு அத்தான் விண்ணப்பம் போட்டது அந்தக் கொடை முடிந்து சில மாதம் கழித்து, ஆவணியில். விண்ணப்பத்துக்கு முன்னாலேயே மெஷின் சீப்போடு ஊர் அறிய ஓடியிருந்தால் அது புதிதில்லை, பேட்டண்டைத் தூக்கு என்பதுதான் கம்பெனியின் வாதம். தூக்கிவிட்டால் மறுநாளே அவன் அதே மெஷினை ஊரெல்லாம் அடித்துத் தள்ளுவான். அத்தான் பழையபடி மோட்டார் ஷாஃப்ட் கடைந்துகொண்டிருக்க வேண்டியதுதான்.

“பொய் போட்டோலா இது! கொடை அன்னிக்கு சீப்பே கெடையாதே?” என்றாள் அக்கா.

அத்தான் போட்டோவைக் கவிழ்த்து வைத்தார். அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆவணியில் விண்ணப்பத்தைப் போட்ட கையோடு நானும் அவரும் போய்த்தான் கோயில் மெஷினில் சீப்பைப் பொருத்திவிட்டு வந்தோம். சாமிக்குக் கொடுத்த மெஷின் ஓடாமல் நிற்கக் கூடாது என்று அத்தானுக்கு ஒரே அரிப்பு. எழுதியதை மட்டும் தொடவில்லை. எழுதிய உபயத்தை அழித்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று ஒரு எண்ணம்.

கொடையன்று மெஷின் ஓடவில்லை. அதுதான் உண்மை. கொட்டகைக்குள் போகிற எல்லாவற்றுக்கும் மஞ்சள்தண்ணி தெளிக்க வேண்டும் என்று தலைவர் அண்ணாச்சி சொல்லி, உள்ளி மூட்டை மூட்டையாக நனைந்துதான் உள்ளே வந்தது. மெஷின் கொஞ்ச நேரம் சத்தம் போட்டது, நின்றது. அத்தான் ஜெனரேட்டருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அக்காவும் தெருப் பெண்களும் கண்ணில் நீர் வழிய வழிய உட்கார்ந்து உரித்தார்கள். கொடை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அக்கா, சட்டி தேய்க்கிற தும்பை அத்தான் மேல் எறிந்து, “உம்ம உருளைய இத வச்சித் தேயும்” என்றாள். அவர் நிஜமாகவே தேய்த்துப் பார்த்தார். சீப்பு அப்படி வந்ததுதான்.

பேட்டண்ட் ஏஜெண்ட் சார் மதுரைக்காரர். வருஷா வருஷம் சீசனுக்குக் குடும்பத்தோடு குற்றாலம் வந்துவிடுவார். அந்தச் சமயம் ஐந்தருவி பக்கம் லாட்ஜில் இருந்தார். மதுரைக்குப் போக வேண்டாம் என்ற அளவில் எங்களுக்கு அதிர்ஷ்டம். நாங்கள் போனபோது அவர் துண்டோடு கல்லில் உட்கார்ந்திருக்க, மாலீஷ்காரர் அவர் தலையில் எண்ணெயைத் தட்டிக்கொண்டிருந்தார். அதனால் சட்டம் முழுவதும் எங்களுக்கு நடுங்கி நடுங்கித்தான் வந்தது.

“ஃபைல் பண்றதுக்கு முன்னாடி உங்ககிட்ட கேட்டேனா இல்லையா? மெஷினை எங்கயாவது பப்ளிக்ல ஓட்டினீங்களான்னு?”

“கேட்டீங்க சார்.”

“என்ன சொன்னீங்க?”

“இல்லைன்னு சொன்னேன்.”

“கோயில்ல ஓட்டியிருக்கீங்களே!”

“கோயில் எப்படி சார் பப்ளிக்கு ஆவும்? அது நம்ம கோயில்லா?” என்றார் அத்தான். உண்மையிலேயே அவருக்கு விளங்கவில்லை.

“அன்னைக்கு எத்தனை பேர் சாப்பிட்டாங்க?”

“சுத்துப்பட்டி பூரா சாப்பிட்டுச்சு சார்.”

ஏஜெண்ட் சார் கண்ணை மூடிக்கொண்டார். எண்ணெய் வழிந்ததால் மூடினாரா, எங்களைப் பார்க்கப் பிடிக்காமல் மூடினாரா தெரியவில்லை.

“அமெரிக்காவுல இதுக்கு ஒரு வழி இருக்கு. பேட்டண்ட் வச்சிருக்கறவனே ஆபீசுக்குப் போய், ‘ஐயா, இந்தச் சமாச்சாரத்தை முன்னாடி சொல்லாம விட்டுட்டேன், இதையும் பார்த்துட்டு என் பேட்டண்ட் நிக்குமான்னு சொல்லுங்க’ன்னு தானா கேக்கலாம். கூடுதல் ஆய்வு. அதுல பெருசா சந்தேகம் வந்தா மறு ஆய்வுன்னு முழுசா ஒரு தடவை பிரிச்சுப் பார்ப்பாங்க. நம்ம ஊர்ல அப்படி வழி இல்ல. அடுத்தவன் வந்து கையைப் பிடிச்ச பிறகுதான் வாயைத் திறக்க முடியும்.”

“இப்ப பிடிச்சிட்டான்லா சார். தெறந்துருவோம்” என்றேன்.

“ஏலே, நீ சும்மா கெட” என்றார் அத்தான்.

சார் யோசித்தார். “சட்டத்துல ஒரு விலக்கு இருக்கு. ஃபைல் பண்றதுக்கு முந்தின ஒரு வருஷத்துக்குள்ள, சோதனைக்காக மட்டும் பப்ளிக்ல ஓட்டினேன், அப்படி ஓட்டிப் பார்க்க வேண்டிய அவசியம் இருந்துச்சுன்னு காட்டினா...”

“சாமிக்குச் செஞ்சத சோதனைன்னு எப்படி சார் சொல்லுதது?” அத்தான் கன்னத்தில் போட்டுக்கொண்டார். “நேந்துக்கிட்டுச் செஞ்சது.”

மாலீஷ்காரர் தட்டுவதை நிறுத்திவிட்டு, “அது தப்புல்லா சார்” என்றார். அவரும் ஒரு கட்சியில் சேர்ந்துவிட்டார்.

கடைசியில் சார் சொன்னது இதுதான். உருளை, டிரம், காற்று மூன்றையும் சேர்த்து உரிமை கேட்டிருந்த முதல் கிளைம் கொடையிலேயே ஊர் பார்த்தது, இனி நிற்காது, அதை விட்டுவிட வேண்டும். சீப்பைப் பற்றிய கிளைமைக் காப்பாற்றலாம். அதற்குக் கொடையன்று மெஷினில் சீப்பு இல்லை, அதனாலேயே அது நின்றுபோனது என்று நேரில் பார்த்த ஒருவர் சத்தியம் செய்து எழுதிக் கொடுக்க வேண்டும். மனைவி, மைத்துனன் எல்லாம் போதாது. வெளியாள் வேண்டும்.

“இவ்வளவுதானா சார்? ஊரே பாத்துச்சே” என்றேன். அருவிச் சத்தத்தில் எனக்கு அது அவ்வளவு லேசாகத் தெரிந்தது.

மறுநாளே பைக்கை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். முதலில் தலைவர் அண்ணாச்சி. விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் வேட்டியை மடித்துக் கட்டிவிட்டார்.

“எவம்லே அவன் நம்ம பய மேல கேசு போட்டது? எங்க வந்து என்ன சொல்லணும், சொல்லு. கொடை அன்னிக்கு மெஷினு பறந்துச்சுல்லா!”

“அண்ணாச்சி, பறக்கல. நின்னுபோச்சு. நின்னுபோச்சுன்னுதான் சொல்லணும்.”

“வாயக் கழுவுலே. அம்மன் கொடையில ஒண்ணும் நிக்கல.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஊரில் கொடை முடிந்த பிறகு அதில் ஒரு குறை இருந்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மேளக்காரர் பாதியில் தூங்கியிருப்பார், பந்தல் சரிந்திருக்கும், வாணவேடிக்கை வைக்கோல்போரில் விழுந்திருக்கும். மறுநாள் கேட்டால் எல்லாம் நிறைவு. அம்மன் நிறைவாக ஏற்றுக்கொண்டாள், அதில் போய் நாம் என்ன குறை கண்டுபிடிப்பது? வருஷக்கணக்காக அப்படியே சொல்லிச் சொல்லி, மெஷின் ஓடியது என்பது ஊருக்கே ஞாபகமாகிவிட்டது.

தெருத்தெருவாகப் போனேன். அத்தானைக் காப்பாற்ற எல்லாருக்கும் ஆசை. ஆசை இருந்ததுதான் வினை. ஒருவர் மெஷின் ஓடிய ஓட்டத்தில் கொட்டகையே அதிர்ந்தது என்றார். இன்னொருவர் உள்ளி முத்து முத்தாக விழுந்ததைக் கையில் எடுத்துப் பார்த்தேன் என்றார். அன்று ஊரிலேயே இல்லாத ஒரு பட்டாளத்து அண்ணன், லீவில் வந்திருந்தவர், “நான் பாத்தேம்லே, நான் சொல்லுதேன்” என்று என் பைக்கில் ஏறி உட்கார்ந்துவிட்டார். இறக்கிவிடப் பெரும்பாடு.

சாயங்காலம் ஏஜெண்ட் சார் போன் போட்டார். எடுத்ததும் கத்தல்தான்.

“யாருய்யா அது, உங்க ஊர்லேர்ந்து எனக்கு போன் பண்றது? ‘சார், கொடை அன்னைக்கு சீப்பு வாரு வாருன்னு வாரிச்சு, நான் சாட்சி சொல்றேன்’னு! இதை எதிராளிகிட்ட சொன்னா நம்ம கதை முடிஞ்சுது. என் நம்பரை யார் குடுத்தது?”

நான் அத்தானைப் பார்த்தேன். அத்தான் சுவரைப் பார்த்தார். தலைவர் அண்ணாச்சி கேட்டபோது இவர்தான் மரியாதைக்குக் கொடுத்திருக்கிறார்.

அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் யாருக்கும் இருப்புக்கொள்ளவில்லை. பதில் மனுவுக்குக் கொடுத்த இரண்டு மாதத்தில் பாதி ஓடியிருந்தது. அத்தான் ஓடுகிற லேத்தை விட்டுவிட்டு வாசலுக்குப் போய்ச் சாலையைப் பார்ப்பார். யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்தும் பார்ப்பார். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுவார். அக்கா ஒருநாள் உடைத்துக் கேட்டுவிட்டாள்.

“ஏங்க, நீங்களே போயி ஊர்ல சொன்னா என்ன? மெஷின் ஓடல, எனக்காவ உண்மையச் சொல்லுங்கன்னு.”

“எப்படிட்டி சொல்லுவேன்? ஓடலன்னு இதுவரைக்கும் யாரு என் மூஞ்சிக்கு நேர சொல்லிருக்கா?”

“நான் சொல்லிருக்கேன்” என்றேன். “வாராவாரம் சொல்லுதேன்.”

“நீ ஒரு ஆளாலே?”

அது நியாயம்தான். நான் சொல்வது கேலி. அதனால் அது கணக்கில் வராது. ஊர் சொல்லாமல் விட்டது மரியாதை. அந்த மரியாதையில்தான் அவர் ஊருக்குள் நெஞ்சை நிமிர்த்தி நடந்துகொண்டிருந்தார். பேட்டண்டைக் காப்பாற்ற வேண்டுமானால் அதை அவரே பிடுங்கிப் போட வேண்டும்.

மறுநாள் காலையில் ஊர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். கால் ஆடிக்கொண்டே இருந்தது. டீ ஆறிவிட்டது. பக்கத்தில் ஒரு சித்தப்பா தினத்தாளை உதறிக்கொண்டிருந்தார். சும்மா, வாய் அரிப்பில், மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் கேட்டேன்.

“சித்தப்பா, அந்த வருசத்துக் கொடைச் சாம்பாரு எப்படி?”

“சாம்பாராலே அது?” பேப்பர் கீழே இறங்கியது. “பல்லாரிய வெட்டிப் போட்டு, இனிச்சுக் கெடந்துச்சு. நான் ரசத்த ஊத்தித் தின்னேன்.”

“ஆமா, பல்லாரிதான்” என்றார் டீ ஆற்றுகிறவர். “கொடைச் சாம்பாருக்கு எவனாவது பல்லாரி போடுவானா? அந்தத் தவசிப்பிள்ளை கைய ஒடிக்கணும்.”

பெஞ்சு முழுக்கச் சேர்ந்துகொண்டது. அம்மனைப் பற்றிக் குறை சொல்ல மாட்டார்கள். ஊர்ப் பையன் மெஷினைப் பற்றியும் சொல்ல மாட்டார்கள். ஆனால் தவசிப்பிள்ளை, அதாவது சமையல்காரர், பண்பொழிக்காரர், அசலூர். அவரைச் சொல்ல ஒரு தடையும் இல்லை. ஒருவர்கூட உள்ளிச் சாம்பார் என்று சொல்லவில்லை. மெஷின் பறந்தது என்று சொன்ன அதே வாய்கள்தான்.

உள்ளி உரிபட்டிருந்தால் பல்லாரி எதற்கு வந்தது? நான் டீயைக் குடிக்காமலே கிளம்பிவிட்டேன்.

பண்பொழியில் தவசிப்பிள்ளை அண்ணாச்சி ஒரு கல்யாண வீட்டு வேலையில் இருந்தார். மலைப்பக்கமிருந்து மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் அடுப்புக்கு மேலே தார்ப்பாய் கட்டச் சொல்லி ஆட்களை விரட்டிக்கொண்டிருந்தார். பெரிய உருவம். நெற்றி நிறையத் திருநீறு.

“அண்ணாச்சி, எங்க ஊர்ல ஒங்களப் பத்தி ஒரு பேச்சு.”

“என்ன பேச்சு?”

“வேண்டாம் அண்ணாச்சி. வேல நேரத்துல எதுக்கு?”

“ஏலே, சொல்ல வந்தவன் சொல்லிட்டுப் போ.”

“அந்த வருசத்துக் கொடையில, நீங்க உள்ளிக்கு எழுதிக் குடுக்க மறந்துட்டு, பல்லாரியப் போட்டு ஒப்பேத்திட்டீங்கன்னு சொல்லுதாவ. சாம்பாரு இனிச்சுக் கெடந்துச்சாம்.”

கரண்டியை வைத்துவிட்டார். தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

“நான் மறந்தேனா? மூடை மூடையா உள்ளி வந்து எறங்கிச்சுலே! ஒன் அத்தான் மெஷினக் கொண்டாந்து வச்சிட்டு, ‘நீங்க ஆள் போடாதிய, நான் பாத்துக்கிடுதேன்’னாரு. நம்பி ஆள நிப்பாட்டிட்டேன். அது ரெண்டு சுத்து சுத்திட்டு உக்காந்துட்டு. நான் குனிஞ்சு பாத்தேன். உருளையில ஈரத்துணி சுத்துன மாதிரி தோலு. பொம்பளைக உரிச்சது ரசத்துக்குப் பத்தல. ஒல கொதிக்கி, பருப்பு வெந்துட்டு, நான் என்ன செய்ய? ஓடிப்போயி பல்லாரி வாங்கியாரச் சொன்னேன். அம்மனுக்கு முன்னால கொற சொல்லக் கூடாதுன்னு இத்தன நாளா வாய மூடிட்டு இருக்கேன். இவனுவ என் தலையில கட்டுதானுவளா?”

“உருளைக்குப் பக்கத்துல தும்புல சீப்பு மாதிரி ஏதும் இருந்துச்சா அண்ணாச்சி?”

“சீப்பா? வெறும் ரப்பரு. நான்தான் கையவிட்டுத் தோலப் பிச்சேனே.”

“இத எழுதிக் குடுப்பீங்களா?”

“எங்க எழுதணும்? ஸ்டாம்ப் பேப்பரக் கொண்டா.”

கேட்கும்போதே எனக்கு ஒரு பக்கம் குதிக்க வேண்டும்போல் இருந்தது, ஒரு பக்கம் சுருக்கென்றது. ‘நான் பாத்துக்கிடுதேன்’ என்று அத்தான் சொன்னது எனக்கு அன்றுவரை தெரியாது. எதற்காக ஜெனரேட்டருக்குப் பின்னால் போய் நின்றார் என்பது அப்போதுதான் புரிந்தது.

தென்காசியில் நோட்டரியிடம் போனோம். ஏஜெண்ட் சார் இங்கிலீஷில் எழுதியதை ஒரு வக்கீல் தமிழில் வாசித்துக் காட்டினார். தவசிப்பிள்ளை அண்ணாச்சி எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, கையெழுத்துப் போடுகிற நேரத்தில் பேனாவை மூடினார்.

“பல்லாரி போட்டாலும் சாம்பாரு நல்லாத்தான் இருந்துச்சுன்னு ஒரு வரி சேக்கணும்.”

ஏஜெண்ட் சார் போனில் எவ்வளவோ சொன்னார். சாம்பாருக்கும் வழக்குக்கும் சம்பந்தமில்லை என்றார். அண்ணாச்சிக்குச் சம்பந்தம் இருந்தது. கடைசியில் அந்த வரியும் அதில் ஏறியது. இந்திய அரசாங்கத்தின் பேட்டண்ட் ஆபீஸில் எங்கள் ஊர்ச் சாம்பார் நன்றாக இருந்ததாகச் சத்தியப் பிரமாணம் ஒன்று இன்றைக்கும் இருக்கிறது.

பதில் போனது. அவர்கள் பதிலுக்குப் பதில் போட்டார்கள். மூன்று பேர் கொண்ட குழு எல்லாவற்றையும் பார்க்கும் என்றார்கள். நான் தினமும் போனில் பேட்டண்ட் ஆபீஸ் வெப்சைட்டைத் திறந்து பார்ப்பேன். ‘நிலுவையில்’ என்கிற அதே வரிதான் நிற்கும். இழுத்து இழுத்துப் புதுப்பிப்பேன். சீசன் முடிந்தது, ஐப்பசி மழை முடிந்தது, ஐயப்பன் கூட்டம் வந்து போனது, மறுபடியும் காற்று மாறிச் சாரல் வந்தது. அத்தான் புதிதாக ஒரு மெஷினுக்கும் ஆர்டர் எடுக்கவில்லை. கேட்டு வந்தவர்களிடம், “கொஞ்சம் பொறுங்க” என்பார். எதற்கு என்று சொல்ல மாட்டார்.

ஒருவழியாக விசாரணை வந்தது. வீடியோவில்தான். பட்டறையில் வைத்துக்கொள்ளலாம் என்றோம். காலையிலேயே ஊரிலிருந்து வேன் வந்துவிட்டது. யாரும் கூப்பிடவில்லை. பட்டாளத்து அண்ணன் மறுபடியும் லீவு போட்டுக்கொண்டு வந்திருந்தார். தலைவர் அண்ணாச்சி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பேசக் கூடாது என்று எல்லாரிடமும் நான் சத்தியம் வாங்கினேன். நான் சத்தியம் வாங்குவதைப் பார்த்து எல்லாரும் சிரித்தார்கள்.

லேப்டாப்பில் அதிகாரி தெரிந்தார். ஏஜெண்ட் சார் மதுரையிலிருந்து பேசினார். கம்பெனி வக்கீல் வேறு எங்கிருந்தோ பேசினார். எல்லாம் இங்கிலீஷ். சாரல் தகரத்தில் விழுகிற சத்தத்தில் பாதி கேட்கவில்லை, மீதி புரியவில்லை. நடுநடுவே ‘உபயம்’ என்று மட்டும் வந்தது. கம்பெனி வக்கீல் கேட்டது இதுதான் என்று பிறகு சார் சொன்னார்: ஓடாத மெஷினுக்கு யாராவது பெயர் எழுதி, வருஷம் எழுதி, கடவுளுக்குக் கொடுப்பார்களா?

அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தமிழில் கேட்டார். “பேட்டண்ட்காரர் இருக்கிறாரா? நீங்களே சொல்லுங்கள். அந்தத் திருவிழாவில் உங்கள் மெஷின் உள்ளி உரித்ததா, இல்லையா?”

அத்தான் வாயைத் திறந்தார். திரும்பிப் பார்த்தார். பின்னால் ஊரே நிற்கிறது. தலைவர் அண்ணாச்சி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். அத்தான் அசையாமல் இருந்ததைப் பார்த்து, “சார், நெட்வொர்க் ஃப்ரீஸ் ஆயிடுச்சுன்னு நினைக்கிறேன்” என்றார் ஏஜெண்ட். நெட்வொர்க் நன்றாகத்தான் இருந்தது. அக்கா எழுந்து வந்து அத்தானின் பக்கத்தில், கேமராவில் தெரியாமல், நின்றுகொண்டாள். எனக்கு நாக்கு நுனியில் ஒரு கேலி இருந்தது. அதை விழுங்கினேன்.

“ஓடல சார்” என்றார் அத்தான்.

சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டே மேலே சொன்னார். “நான் பாத்துக்கிடுதேன்னு சொல்லி உள்ளி உரிக்க வந்த ஆளையும் நிப்பாட்டிட்டேன். மெஷினு ஓடல. என் வீட்டுக்காரியும் தெருப் பொம்பளைகளும் உரிச்சாவ. அதுவும் பத்தாமத்தான் பல்லாரி போட்டது. பேரு மொதல்லயே எழுதிட்டேன் சார். ஓடும்னு நெனச்சு எழுதுனது. பொறவு அழிக்க மனசு வரல.”

தலைவர் அண்ணாச்சி எழுந்தார். கோபித்துக்கொண்டு வெளியே போகிறார் என்று நினைத்தேன். அவர் நேராக லேப்டாப்புக்கு முன்னால் வந்து குனிந்தார். திரை முழுக்க அவர் மீசை.

“மஞ்சத்தண்ணி தெளிக்கச் சொன்னது நான்தான் சார். நனஞ்ச உள்ளியத்தான் போட்டுச்சு. மெஷின் மேல கொற இல்ல.”

“யார் இது?” என்றார் அதிகாரி.

“சார், அவர் சாட்சி இல்லை சார், தயவுசெய்து...” ஏஜெண்ட் சார் அலறினார். நான் அண்ணாச்சியின் தோளைப் பிடித்து இழுத்தேன். அவர் போகிற போக்கில், “பய நல்ல பய சார்” என்று இன்னும் ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தார். அதிகாரி அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை என்று பிறகு தெரிந்தது. ஆனால் சிரித்தார். நான் பார்த்தேன்.

அன்று ஊர்க்காரர்கள் வேனில் ஏறும்போது ஒருவரும் அத்தானிடம் ஒன்றும் சொல்லவில்லை. சித்தப்பா மட்டும், “சாம்பாரு அவ்வளவு மோசமில்லடே” என்று சொல்லிவிட்டுப் போனார். அத்தான் உள்ளே வந்து சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு, இரண்டு தட்டு சோறு சாப்பிட்டார்.

உத்தரவு வர இன்னும் சில மாதம் ஆனது. முதல் கிளைம் போய்விட்டது. உருளை, டிரம், காற்று யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். சீப்பு அத்தானுக்கு. கொடையன்று மெஷினில் சீப்பு இல்லை என்பதை ஏற்றுக்கொள்வதாக எழுதியிருந்தார்கள். ஏஜெண்ட் சார் அந்தப் பத்தியை எங்களுக்குத் தமிழில் சொன்னபோது அத்தான் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

“அத்தான், இதயும் கண்ணாடி போட்டு மாட்டிருவோமா? ‘இந்த மெஷின் ஓடவில்லை என்று அரசாங்கம் ஒப்புக்கொள்கிறது’ன்னு.”

“மாட்டுலே” என்றார். அடிக்க வருவார் என்று நினைத்துப் பாதி வாசலுக்குப் போயிருந்தேன். வீணாய்ப் போனது.

ஊரில் கதை மாறிவிட்டது. மெஷின் பறந்தது என்று சொன்ன ஆளைக் கண்டுபிடிக்கவே முடியாது இப்போது. “நான்தாம்லே மொதல்ல பாத்தேன், நின்னுபோச்சுன்னு” என்று பட்டாளத்து அண்ணன் எனக்கே சொல்கிறார்.

இந்தச் சித்திரையில் கொடை. அதே தவசிப்பிள்ளை அண்ணாச்சிதான் சமையல். உள்ளி மூட்டைகளுக்கு மஞ்சள்தண்ணி நிறையவே தெளித்தார்கள். தலைவர் அண்ணாச்சி பக்கத்தில் நின்று, “இன்னும் கொஞ்சம் ஊத்துலே, பாத்துருவோம்” என்றார். அதே பழைய உபயம் எழுதிய மெஷின். அத்தான் சுவிட்சில் கையை வைத்துக்கொண்டு கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார். என் கால் அன்றும் ஆடிக்கொண்டுதான் இருந்தது. அப்போதுதான் மூலையில் சாக்கு போட்டு மூடியிருந்ததைப் பார்த்தோம்.

“என்ன அண்ணாச்சி அது?” என்று கேட்டேன்.

தவசிப்பிள்ளை அண்ணாச்சி அடுப்பை விட்டுத் திரும்பவில்லை. “பல்லாரிலே. சும்மா, ஒரு பாதுகாப்புக்கு.”

எல்லாரும் அத்தானைப் பார்த்தார்கள்.

“இருக்கட்டும்” என்று சொல்லி அத்தான் சுவிட்சைப் போட்டார்.